மெட்டு மறைந்த பாடல்களும் மறுமெட்டும்

முன்னுரை

அரியலூர் மாவட்டத்தில் அமைந்த ரெட்டிபாளையம் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பெயர்பெற்ற ஊர். இவ்வட்டாரத்து நிலத்தை அகழ்வோர்க்குப் பல கோடி ஆண்டுகட்கு முன்னர் இங்கே அலைவீசிய கடலின் சிப்பிகளும் நத்தைகளும் கல்லாய் இறுகிக் கிடைக்கின்றன. ஓடு எஞ்சியுள்ளது, உள்ளிருந்த உயிர் எஞ்சவில்லை. தமிழிசைப் பாடல்கள் பலவற்றின் நிலையும் இத்தகையதே. சொற்கள் ஏட்டிலும் அச்சிலும் நிலைபெற்றன. அவற்றைத் தாங்கிய மெட்டுகள் பாடியவரோடு மறைந்தன.

அவ்வாறு குறைப்பட்டு நிற்கும் பாடலைப் பிற்காலத்தார் எடுத்துத் தம் காலத்துப் பாணியில் புதுமெட்டு இட்டுப் பாடுவது தகுமா? தகுமெனின் அதற்குரிய நெறி யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது இசைவாணர்க்கு மட்டும் உரிய வினா அன்று. பாடலின் சொல்லைப் பயிலும் தமிழ் மாணவர்க்கும், பழம்பாடல்களை இன்றும் நினைவில் தாங்கி நிற்கும் சமுதாயப் பெரியோர்க்கும் இதில் பங்குண்டு.

குறையின் வகைகள்

முற்றுப்பெறாத இசைப்படைப்பு என்று நாம் பொதுவாகக் கூறினும், அக்குறை ஒரே தன்மையது அன்று. அதனை நான்காகப் பகுத்துக் காணலாம்.

ஒன்று, இயற்றியவர் இடையில் மறைந்தமையால் அல்லது விட்டமையால் படைப்பே நிறைவுறாமல் நிற்பது. இரண்டு, முழுமையாக இயற்றப்பட்டும் ஒரு பகுதி காலத்தால் அழிந்து எஞ்சிய பகுதி மட்டும் கிடைப்பது. மூன்று, சொல் முழுதும் கிடைத்து மெட்டு மறைந்துபோவது. நான்கு, மெட்டு இதுவென்று பாடலின் தலைப்பில் குறிப்பு இருந்தும், அக்குறிப்புச் சுட்டும் மூலப்பாடலின் மெட்டே மறக்கப்பட்டுவிடுவது.

முதல் இரண்டும் உலகின் எல்லா இசைமரபுகளிலும் காணப்படுவன. பின் இரண்டும் செவிவழியாக இசையைக் கற்றுக் கொடுத்த நம் நாட்டில் மிகுதி. இவற்றுள் மூன்றாவதிலிருந்து தொடங்குவது நலம். தமிழிசையின் பெரும்பகுதி அதில் அடங்கும்.

பண் மீண்ட வரலாறு

தேவாரத் திருப்பதிகங்களின் ஏடுகள் தில்லையில் கண்டெடுக்கப்பட்ட செய்தியைத் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. ஏடுகள் கிடைத்தபோது பண்முறை கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த, திருஎருக்கத்தம்புலியூரைச் சேர்ந்த பெண்மணி ஒருவரைக் கொண்டு பண்கள் வகுக்கப்பட்டன என்பது அந்நூல் தரும் செய்தி. மெட்டு மறைதலும், அதனை அறிந்தோரைத் தேடி மீட்டலும் நமக்குப் புதியன அல்ல என்பதற்கு இதுவே சான்று. ஏட்டைத் தேடிய மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் ஏடு கிடைத்ததோடு நின்றுவிடவில்லை; பாடத் தெரிந்தவரையும் தேடினர் என்பது இவ்வரலாற்றில் நாம் பெறும் படிப்பினை.

இன்று ஓதுவார்கள் பாடும் பண்கள் இக்கால இராகங்களின் வடிவில் ஒலிக்கின்றன. தக்கராகம் காம்போதியாகவும், கௌசிகம் பைரவியாகவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும், செவ்வழி எதுகுலகாம்போதியாகவும் பாடப்படுகின்றன. அரியலூர் மாவட்டத்துக் கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடியைப் பற்றிச் சுந்தரர் பாடிய பதிகத்தின் பண் நட்டராகம். அது இன்று பந்துவராளியாக ஒலிக்கிறது. பண்ணின் பெயர் பதிகத்தின் தலையில் நிற்கிறது. பாடும் வடிவமோ வேறொரு காலத்தின் இராக இலக்கணத்தோடு இயைந்து வந்துள்ளது. இரண்டுக்கும் உள்ள உறவை ஆராய்வதற்கெனவே 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களைத் தொடர்ந்து நடத்தி வந்தது.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. பழைய பெயர் நீக்கப்படவில்லை. 'பந்துவராளி' என்று மட்டும் எழுதி 'நட்டராகம்' என்பதை விட்டிருந்தால் ஆராய்ச்சிக்கே இடமின்றிப் போயிருக்கும். பெயர் ஒன்று நின்றமையால் வினா ஒன்று நின்றது. வினா நின்றமையால் ஆய்வு பிறந்தது.

சொல்லுக்குள் ஒளிந்த தாளம்

மெட்டு மறைந்த பாடல் முற்றிலும் ஊமையாகிவிடுவதில்லை. சொல்லின் அமைப்பிலேயே இசையின் ஒரு பகுதி தங்கியிருக்கும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அருணகிரிநாதரின் திருப்புகழ். 15-ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய மெட்டுகள் இன்று நமக்குத் தெரியா. ஏடுகள்கூடச் சிதறிக் கிடந்தன. வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் திரட்டி முதற்பகுதியை 1894-இல் அச்சிட்டார். அவ்வாறு கிடைத்த பாடல்களைப் பிற்கால இசைவாணர்கள் பல இராகங்களில் அமைத்தனர். இராகம் புதிதாயினும் தாளம் பெரும்பாலும் புதிதாக இருக்கவில்லை. ஏனெனில் பாடலின் சந்தமே தாளத்தை ஆணையிட்டுக் கூறுகிறது.

இதனை மாணவர்கள் எளிதில் கணக்கிட்டு அறியலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, குறிலும் அதனை அடுத்த ஒற்றும் சேர்ந்தால் இரண்டு என்று சந்தக் கணக்கில் கொள்வோம். 'தானன' என்பது நான்கு மாத்திரை. 'தந்தன' என்பதும் நான்கு. 'தானன தானன தந்தன தானா' என்று வரும் ஓரடி பதினாறு மாத்திரை பெறும். எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தில், அட்சரத்துக்கு இரண்டு மாத்திரையாக, அவ்வடி ஓர் ஆவர்த்தனத்தில் சரியாக அமையும். 'தானதன' என்று வருமாயின் ஐந்து மாத்திரை. கண்ட நடை அதற்குப் பொருந்தும். 'தான தந்தன' என்பது மூன்றும் நான்குமாக ஏழு. மிசிர சாபு அதற்கு இயல்பான தாளம்.

ஐந்தில் நடக்கும் சொல்லை நான்கில் அடக்க முயன்றால் நேர்வது யாது? எழுத்தைக் குறுக்கவோ நீட்டவோ வேண்டும். தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே வேறாக்குவன. 'மலை' என்பதன் முதலெழுத்தை நீட்டினால் 'மாலை' ஆகும். 'படு' என்பது 'பாடு' ஆகும். 'கல்' என்பது 'கால்' ஆகும். தாளம் பிழைத்தால் ஓசை மட்டும் கெடுவதன்று, பொருளும் கெடும். அவ்வாறே 'கருணைக் கடல்' என்பதைக் 'கருணைக்க' என்று நிறுத்தி, மூச்செடுத்து, 'டல்' என்று தொடங்கினால் கேட்போர்க்குக் கருணையும் தோன்றாது; கடலும் தோன்றாது. யாப்பில் இதனை வகையுளி என்பர். புதுமெட்டு இடுவோர் முதலில் அஞ்ச வேண்டுவது இக்குற்றத்திற்கே.

எனவே இராகத்தைத் தெரிவதில் பிற்காலத்தார்க்கு உள்ள உரிமை, தாளத்தைத் தெரிவதில் அதே அளவுக்கு இல்லை என்று நாம் முடிவுகொள்ளலாம். ஆசிரியர் கையெழுத்து இட்டுச் சென்ற இடம் தாளம். நிரப்புவதற்கு விட்டுச் சென்ற இடம் பண்.

கீர்த்தனைகளின் மறுபிறப்பு

சீர்காழி முத்துத்தாண்டவர், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப்பிள்ளை (1712–1787), சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) ஆகிய மூவரையும் தமிழ்க் கீர்த்தனை மூவர் என்பர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளைக் கொண்ட கீர்த்தனை வடிவத்திற்கு முத்துத்தாண்டவர் பாடல்கள் தமிழில் முற்பட்ட சான்றாவன. அவர் காலத்து மெட்டுகள் பெரும்பாலும் மறைந்தன. இன்று மேடைகளில் ஒலிக்கும் அவர் கீர்த்தனைகள் 20-ஆம் நூற்றாண்டு இசைவாணர்கள் அமைத்த வடிவில் உள்ளன.

அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைக்கு மற்றுமொரு சிறப்புண்டு. சொல்லை இயற்றியவர் கவிராயர். மெட்டமைத்தவர்கள் அவருடைய மாணாக்கர்களான சட்டநாதபுரம் கோதண்டராமையரும் வெங்கட்டராமையரும். தொடக்கத்திலேயே சொல்லுக்கு ஒருவரும் இசைக்கு வேறிருவருமாக அமைந்த படைப்பு அது. அம்மெட்டுகள் வழக்கொழிந்தபின் அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967) முதலியோர் மீண்டும் மெட்டமைத்தனர். 'யாரோ இவர் யாரோ' என்னும் கீர்த்தனை முன்னர்ச் சாவேரி இராகத்தில் அமைந்திருந்ததாகக் குறிப்பர். இன்று நாம் கேட்பது பைரவி. நாடகமாக நடிக்கப்பட்ட காலத்தில் கதைமாந்தரின் உரையாடலாய் விளங்கிய பாடல், கச்சேரி மேடையில் ஆலாபனைக்கும் நிரவலுக்கும் இடந்தரும் கீர்த்தனையாய் மாறியது. இஃது இராக மாற்றம் மட்டும் அன்று, பாணி மாற்றம்.

இம்மாற்றத்திற்குப் பின்னணியாக நின்றது தமிழிசை இயக்கம். 1941-இல் அண்ணாமலைநகரில் நிகழ்ந்த மாநாடும், அண்ணாமலை அரசரின் பேராதரவும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சுரதாளக் குறிப்புடன் வெளியிட்ட தமிழிசைப் பாடல் தொகுதிகளும் இல்லையாயின், முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப்பிள்ளையும் இலக்கிய வரலாற்று நூல்களில் பெயரளவில் நின்றிருப்பர். குறைப்பட்ட பாடலைப் பாடாமல் காப்பதைவிடப் புதுமெட்டில் பாடிக் காப்பது மேல் என்பதை அவ்வியக்கம் செயலால் நிறுவியது.

நம் வட்டாரத்துச் சான்று

உடையார்பாளையம் சமஸ்தானம் இசைவாணர்க்கும் புலவர்க்கும் புகலிடமாய் விளங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சமஸ்தானத்தில் வித்துவானாக இருந்தவர் கனம் கிருஷ்ணையர். கனமார்க்கம் என்னும் அரிய பாடுமுறையில் வல்லவராதலின் அப்பெயர் பெற்றார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரிடம் பயின்றவர். டாக்டர் உ.வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையரும் அவர் மாணாக்கரே. சாமிநாதையர் கனம் கிருஷ்ணையரின் வரலாற்றை எழுதி, 1936-இல் வெளியிட்டார். அரியலூரில் சடகோபையங்காரிடம் இளமையில் தமிழ் பயின்ற சாமிநாதையர் இவ்வட்டாரத்தின் இசைச் செய்திகளைத் தம் தந்தையார் வாயிலாக நேரே கேட்டறிந்தவர் என்பது நினைவுகூரத்தக்கது.

கனம் கிருஷ்ணையரின் பதங்களுள் 'திருவொற்றியூர் தியாகராஜன்' என்னும் அடாணாப் பதம் போன்ற சில இன்றும் பாடகர் நாவில் வாழ்கின்றன. அவ்வாறு வாழாத பதங்கள் இராகம், தாளம் என்னும் இரு குறிப்புகளோடு நூலில் நிற்கின்றன. 'அடாணா' என்று எழுதினால் அதனைப் பாடும் வழி தெரிந்துவிடுமா? தெரியாது. இராகப்பெயர் ஊர்ப்பெயரைப் போன்றது. மெட்டு அவ்வூரிலுள்ள ஒரு வீட்டைப் போன்றது. ஊர் தெரிந்தாலும் வீட்டைக் காட்ட ஆள் வேண்டும். பெருமூச்சோடு பாடும் கனமார்க்கமே வழக்கொழிந்த நிலையில், அப்பதங்களை இன்று யார் பாடினும் வேறொரு பாணியிலேயே பாட இயலும்.

மூலம் இருந்தும் மாற்றம்

மெட்டு மறைந்தமையால் மறுமெட்டு என்பது ஒருவகை. மெட்டுக் குறிப்பு இருந்தும் மறுமெட்டு இடுவது வேறொரு வகை. பாரதியாரின் 'சின்னஞ்சிறு கிளியே' என்னும் பாடல் இதற்குச் சான்று. பைரவி இராகம், ரூபக தாளம் என்று குறித்ததோடு நில்லாமல், பாடலுக்குரிய சுரங்களையும் பாரதியார் எழுதி வைத்துள்ளார். எனினும் தமிழுலகம் இன்று அறிந்துள்ள மெட்டு அஃதன்று. 1951-இல் வெளிவந்த 'மணமகள்' திரைப்படத்திற்காக சி.ஆர். சுப்பராமன் இசையமைத்த இராகமாலிகையே வீடுதோறும் பரவியது. காபியில் தொடங்கிப் பல இராகங்களில் செல்லும் அம்மெட்டின் இனிமையை எவரும் மறுப்பதற்கில்லை.

அதனைக் குறைகூறுவது நம் கருத்தன்று. புதுமெட்டு அப்பாடலைக் கோடிக்கணக்கானோரிடம் கொண்டு சேர்த்தது. ஆயினும் பாரதியார் நினைத்த பைரவியில் அப்பாடல் எவ்வாறு ஒலிக்கும் என்று கேட்கும் ஆவல்கூட நம்மிடம் மறைந்துவிட்டது. நூலில் சுரக் குறிப்பு இருந்தும் அதனைப் படித்துப் பார்ப்போர் அரியர். புதுமெட்டு வந்ததால் பழமெட்டு அழிந்ததென்பது பொருந்தாது. இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் வழக்கம் இன்மையால் அது மங்கியது.

காலத்தின் விந்தை ஒன்றையும் ஈண்டுக் குறித்தல் தகும். பாரதியார் பாடலுக்குப் புத்துரு அளித்த சுப்பராமனே 1952-இல் இளம் வயதில் காலமானபோது, தாம் ஏற்றிருந்த படங்களின் இசைப்பணியை முடிக்காமல் சென்றார். 'தேவதாஸ்', 'சண்டிராணி', 'மருமகள்' ஆகிய படங்களில் எஞ்சிய பணியை அவருடைய உதவியாளர்களான எம்.எஸ். விசுவநாதனும் டி.கே. இராமமூர்த்தியும் நிறைவுசெய்தனர். பின்னாளில் தமிழ்த் திரையிசையையே மாற்றியமைத்த அவ்விருவரின் கூட்டு, ஆசானின் குறைப்பணியை முடித்துக் கொடுத்த கடமையில் அரும்பியது எனலாம்.

எட்டயபுரம் கற்பிக்கும் பாடம்

குறைப்பட்ட படைப்பை நிறைவு செய்யும் அறத்தை அறிய விரும்புவோர் எட்டயபுரத்தை நோக்க வேண்டும். பாரதியார் பிறந்த அவ்வூரிலிருந்தே 1904-இல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' வெளிவந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் வாழ்ந்த ஊரும் அதுவே.

சுப்பராம தீட்சிதரின் நூலில் சிறீரஞ்சனி இராகத்து வர்ணம் ஒன்று உள்ளது. அதன் முற்பகுதி இராமசாமி தீட்சிதர் இயற்றியது. சரணத்துச் சுரக்கோவைகளுள் ஒன்றைச் சியாமா சாத்திரியாரும், ஒன்றைச் சின்னசாமி தீட்சிதரும், ஒன்றை முத்துசாமி தீட்சிதரும் இயற்றினர். நால்வர் கைபட்ட படைப்பாயினும், எச்சுரம் யாருடையது என்பதைச் சுப்பராம தீட்சிதர் பகுத்துக் குறித்துள்ளார். அதே நூலில் இராமசாமி தீட்சிதரின் நூற்றெட்டு இராகதாள மாலிகையில் கிடைத்த 61 பகுதிகள் மட்டும் இடம்பெற்றுள்ளன. கிடைக்காத 47 பகுதிகளைத் தம் கற்பனையால் நிரப்ப அவர் முயலவில்லை. அவரும் இசைப்புலமை மிக்கவரே, முயன்றிருந்தால் இயன்றிருக்கும். கிடைத்ததைக் கிடைத்தவாறே தருவதும் ஒரு தொண்டு என்று அவர் கருதினார் போலும்.

இனி உமறுப்புலவரை நோக்குவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் 5027 பாடல்களால் பாடிய சீறாப்புராணம், நாயகத்தின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்கும் முன்னரே நின்றுவிட்டது. எஞ்சிய வரலாற்றைப் பாடியவர் காயல்பட்டினத்துப் பனீ அகுமது மரைக்காயர். அவர் தம் பாடல்களைச் சீறாப்புராணத்தின் இறுதியில் ஒட்டி உமறுவின் பெயரில் உலவவிட்டிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. 'சின்னச்சீறா' என்று தனிப்பெயர் இட்டு வழங்கினார். அப்பெயரில் பணிவும் உண்டு, தெளிவும் உண்டு. முன்னோர் பணியைத் தொடர்ந்தேன் என்பதைச் 'சீறா' என்னும் சொல் காட்டுகிறது. இது என் பொறுப்பு என்பதைச் 'சின்ன' என்னும் அடை காட்டுகிறது. இசையில் மறுமெட்டு இடுவோர்க்கும் இதனினும் சிறந்த முன்மாதிரியை நாம் எங்கும் தேட வேண்டுவதில்லை.

மேலைநாட்டுச் சான்றுகள்

இவ்வறத்தைப் பேணாமையால் விளையும் இடரையும், பேணியதால் விளைந்த நன்மையையும் மேலைநாட்டு இசை வரலாற்றிலும் காண்கிறோம். 1791-இல் மோட்சார்ட் மறைந்தபோது அவருடைய இரங்கல் வழிபாட்டு இசை முடிவுறாமல் நின்றது. சூசுமயர் என்பவர் அதனை நிறைவு செய்தார். முழுதும் மோட்சார்ட்டின் படைப்பென்றே அது ஒப்படைக்கப்பட்டது. விளைவு, எந்தப் பகுதி எவருடையது என்று அறிஞர்கள் இன்றுவரை வாதிட்டு வருகின்றனர்.

புச்சினியின் 'துராந்தோத்' என்னும் இசைநாடகம் 1924-இல் அவர் மறைந்தபோது குறையாய் நின்றது. அல்பானோ என்பவர் அதனை முடித்தார். 1926-ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று மிலான் நகரில் முதல் அரங்கேற்றம். இசையை இயக்கிய தொசுகானினி, புச்சினி எழுதி முடித்திருந்த இடம் வந்ததும் இசையை நிறுத்தி, ஆசிரியர் எழுதியது இவ்வளவே என்று அவைக்கு உணர்த்தினார். அடுத்து வந்த நிகழ்ச்சிகளில் அல்பானோவின் முடிவும் இசைக்கப்பட்டது. எல்லை எதுவென்று ஒருமுறை உலகறியக் காட்டியபின், நிறைவு செய்தவரின் பணிக்கும் உரிய இடம் கிடைத்தது.

இத்தாலிய இசைஞர் பெரியோ ஒருபடி மேற்சென்றார். 1828-இல் மறைந்த சூபர்ட் விட்டுச்சென்ற சிம்பொனிக் குறிப்புகளை எடுத்து, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் 'ரெண்டரிங்' என்னும் படைப்பை உருவாக்கினார். குறிப்பு உள்ள இடங்களில் சூபர்ட்டின் பாணி. குறிப்பு இல்லாத இடைவெளிகளில் 20-ஆம் நூற்றாண்டுப் பாணி. செலஸ்டா என்னும் மணியோசைக் கருவி ஒலிக்கும்போதெல்லாம் கேட்போர் இடைவெளி வந்துவிட்டதென அறிவர். சிதைந்த சுவரோவியத்தைத் துப்புரவு செய்வோர், உதிர்ந்த பகுதியை அதே வண்ணத்தால் மறைக்காமல் தனித்துத் தெரியுமாறு விடும் முறையை இஃது ஒத்தது. வேறு பாணி என்பது இங்கே மூலத்திற்குச் செய்யும் மரியாதையாகவே அமைந்தது.

இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்களின் நிலை

மேற்கூறியன எல்லாம் நம் சமுதாயத்தின் கருவூலத்திற்கும் பொருந்துவன. கிஸ்ஸா, நாமா, படைப்போர், முனாஜாத்து, மசலா முதலிய புதுவகைகளும், தாலாட்டு, கும்மி, சிந்து, கண்ணி, கீர்த்தனை முதலிய தமிழ் வகைகளும் இஸ்லாமியத் தமிழில் பெருகியுள்ளன. இவற்றுட் பெரும்பாலானவை கண்ணால் படிப்பதற்கு அன்றிக் குரலெடுத்துப் பாடுவதற்கே எழுந்தவை. தக்கலையில் பீர்முகம்மது அப்பா அவர்களின் ஞானப்புகழ்ச்சி ஆண்டுதோறும் இரவு முழுவதும் மக்கள் கூடியிருந்து பாடப்பெற்று வருகிறது. அங்கே சொல்லும் ஓசையும் ஒருசேர வாழ்கின்றன. எல்லாப் பாடல்களுக்கும் அப்பேறு வாய்க்கவில்லை.

குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அவர்களின் கண்ணிகளும் கீர்த்தனைகளும் பல பதிப்புகள் கண்டன. இரண்டடிக் கண்ணி ஒரே அளவில் மீண்டும் மீண்டும் வருவதால், அவ்வளவுக்குப் பொருந்தும் எம்மெட்டிலும் அதனைப் பாடலாம். எளிமையே அதற்குக் காவல். எளிமையே அதற்கு இடரும் ஆகும். எம்மெட்டும் பொருந்துமென்றால், முதலில் பாடிய மெட்டை எவரும் நினைவில் வைப்பதில்லை.

பழைய கீர்த்தனைப் புத்தகங்களில் பாடலின் தலைப்பில் 'வர்ணமெட்டு' என்று குறித்து, வேறொரு பாடலின் முதற்சொற்களைத் தருவது எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான வழக்கம். அக்காலத்தில் எல்லாரும் அறிந்திருந்த பாடலாதலின் அதுவே போதுமாயிற்று. ஒரு சமயத்தார் பாடலின் மெட்டில் மற்றொரு சமயத்தார் தம் பாடலை அமைத்தனர். தமிழ் மக்கள் ஒருவர் மற்றவர் பாட்டைக் காதாரக் கேட்டு வாழ்ந்தனர் என்பதற்கு அக்குறிப்புகளே எழுத்துச் சான்று. இன்றோ மூலப்பாடலும் மறந்துபோயிற்று. திறவுகோல் கையில் உள்ளது. பூட்டு எதுவென்று தெரியவில்லை. அக்குறிப்புகளைப் பயனற்றவை என்று மறுபதிப்பில் நீக்கிவிட்டால், மெட்டோடு அந்த நல்லுறவின் சான்றும் அழிந்துபோகும்.

மறுமெட்டுக்குரிய நெறிகள்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து சில நெறிகளைத் தொகுத்துரைக்கலாம்.

1. புதுமெட்டு அமைக்கும் முன் பழமெட்டு உண்மையிலேயே மறைந்ததா என்று தேட வேண்டும். நூலில் இல்லாதது ஒரு மூதாட்டியின் தாலாட்டில் இருக்கக்கூடும்.

2. பாடலின் சந்தத்தை அளந்து, அதற்கியைந்த தாளத்தைக் கொள்ள வேண்டும். குறில் நெடில் மயங்காமலும் சொல் பிளவுபடாமலும் அமைத்தல் வேண்டும்.

3. இராகத்தையும் பாணியையும் தெரிவதில் உரிமை உண்டு. பாடலின் மெய்ப்பாடு அவ்வுரிமைக்கு வரம்பாகும். இரங்கிப் பாடிய முனாஜாத்தைத் துள்ளலிசையில் அமைப்பது உரிமையன்று, கவனமின்மையே.

4. எஞ்சிய பகுதி எது, நிரப்பிய பகுதி எது, மெட்டமைத்தவர் யார், எந்த ஆண்டில் என்பவற்றை எழுதி வைத்தல் வேண்டும். பாடும்போது ஒரு சொல்லால் அவைக்கு அறிவித்தலும் நன்று.

5. பழைய இராகப் பெயரையும் வர்ணமெட்டுக் குறிப்பையும் மறுபதிப்புகளில் நீக்கலாகாது.

மாணவர் ஆற்றத்தக்க பணி

இந்நெறிகள் ஏட்டளவில் நிற்குமாயின் பயனில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் பழம்பாடல் அறிந்த முதியோரை நாடலாம். ரெட்டிபாளையம் போன்று ஆலையும் சுரங்கமும் வாழ்க்கை முறையை மாற்றிய ஊர்களில் இப்பணி மேலும் விரைவு வேண்டுவது. வயலிலும் களத்திலும் பாடிய பாட்டுக்கு வேலை முறை மாறியபின் வாய்ப்பில்லை. பாடாத பாட்டு ஒரு தலைமுறைக்கு மேல் தங்காது.

இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள செல்பேசியே ஒலிப்பதிவுக் கருவியாகும். உ.வே.சா. காலத்தார்க்கு இல்லாத வசதி இது. பாடுவோரின் இசைவு பெற்று, பாடல் முழுவதையும் பதிவு செய்து, பாடியவர் யாரிடம் கற்றார், எந்த ஊரில், எந்தச் சூழலில் பாடினார் என்னும் செய்திகளை உடன் எழுதி, தமிழ்த்துறையில் ஒப்படைத்தல் வேண்டும். சுரக்குறிப்பு எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டுவதில்லை. குரல் பதிவாகிவிட்டால் சுரம் எழுதுவோர் பின்னர் வருவர். குரலே மறைந்தபின் எத்துணைச் சுரஞானம் உடையவர் வந்தும் பயன் சிறிதே.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் இல்லத்துப் பழம்பெட்டிகளில் உள்ள பாட்டுப் புத்தகங்களை, அட்டை இழந்தவை, பக்கம் குறைந்தவை என்று ஒதுக்காமல் காட்டி உதவுக. தாங்கள் இளமையில் கேட்ட மெட்டு முழுதும் நினைவில் இல்லையெனினும், நினைவுள்ள ஓரடியைப் பாடிக் காட்டுக. 61 பகுதிகள் மட்டும் கிடைத்த மாலிகையும் இன்றளவும் போற்றப்படுகிறது. ஓரடியும் சிறிதன்று.

முடிவுரை

குறைப்பட்ட இசைப்படைப்பை வேறு பாணியில் புதுக்குவது மரபுக்கு மாறானது அன்று. தமிழிசை பலமுறை அவ்வாறு உயிர்த்தே வந்துள்ளது. பண் இராகமாயிற்று, நாடகப்பாட்டு மேடைக் கீர்த்தனையாயிற்று, கவிஞரின் பைரவி திரையின் இராகமாலிகையாயிற்று. இவற்றுள் இழப்பு என்று நாம் வருந்துவது புதுமையைப் பற்றி அன்று. பழமை எங்கே முடிந்து புதுமை எங்கே தொடங்கியது என்பதைக் குறிக்கத் தவறிய இடங்களைப் பற்றியே.

சுப்பராம தீட்சிதர் பகுத்துக் குறித்தார். பனீ அகுமது மரைக்காயர் தனிப்பெயர் இட்டார். அவர்கள் காட்டிய வழியில், கிடைத்ததைக் காத்து, கிடைக்காததற்குப் புதியது அமைத்து, இரண்டையும் பிரித்தறியுமாறு பதிந்து வைப்பது நம் கடனாகும். பிற்காலத்தார் நம் மெட்டையும் ஒருநாள் மாற்றுவர். மாற்றும்போது அவர்கள் கையில் மூலம் இருக்க வேண்டும். அதற்கு வழிசெய்வோமாக.